இரண்டு கை தூரம்

"அம்மா, இந்த நாய்க்கு நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றார் சொரிமுத்து.

அவருடைய வெள்ளைச் சட்டையில் இரண்டு சேற்றுத் தடங்கள். தோளுக்கு ஒன்று.

பூரணம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன வழி?"

"ஆள் மேல விழாம இருக்கதுக்கு ஒரு வழி."

"யாரு?"

"நாய்தாம்மா. வேற யாரு?"

பூரணம்மா இன்னொரு கட்டுக் கீரையைப் பிரித்தாள்.

*

ஆற்றின் தென்கரையில் இருக்கிற சின்ன மடம் அது. மூன்று அறை, ஒரு சமையல் கொட்டகை, ஒரு வேப்பமரம்.

பூரணம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். ஒருநாள் வேனை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று பக்தர்கள் சொல்வார்கள்.

"பிள்ளைகளை எல்லாம் வீட்டுல எறக்கி விட்டுட்டுத்தான் வந்து உட்கார்ந்தா" என்று திருத்துவாள் மடத்துச் சமையல்காரி ஆவுடை.

சொரிமுத்துவுக்கு அறுபத்தொன்று. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தோடு வந்து தங்கி இரண்டு வருஷம் ஆகிறது. பூரணம்மா எங்கே போனாலும் குடையை விரித்துக்கொண்டு பின்னால் போவார். அவள் சட்டென்று நின்றால் முதுகில் மோதிக்கொள்வார். அவள் தண்ணீர் கேட்குமுன் செம்பை நீட்டுவார். கேட்காவிட்டாலும் நீட்டுவார்.

நாய்க்குச் சாந்தன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். படித்துறையில் கிடந்ததை எடுத்து வந்தபோது உள்ளங்கையில் அடங்கியது. ராஜபாளையத்து ஜாதி. பத்து மாதத்தில் பின்னங்காலில் நின்றால் சொரிமுத்துவின் கண்ணுக்கு நேராகப் பார்க்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. வருகிறவர்களை எல்லாம் அப்படித்தான் பார்த்தது. முன்னங்கால்களை அவர்கள் தோளில் வைத்து, மூக்கோடு மூக்கு வைத்து, முகத்தை முழுவதும் நக்கி.

யாரையும் கடித்ததில்லை. கீழே தள்ளியிருந்தது, ஏழு பேரை.

*

"இவ்வளவு நாளா இல்லாத அவசரம் இப்ப என்ன?" என்றாள் பூரணம்மா.

சொரிமுத்து போனை எடுத்து நீட்டினார். மகள் செண்பகா அனுப்பியிருந்தாள்.

*அப்பா, இருபதாம் தேதி காலையில் வருகிறோம். ஒரு மணி நேரம் இருப்போம். பாப்பாவுக்கு நாய் என்றால் பயம். நாய் மேலே விழுந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம். நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம்.*

நாய் வந்த நாளிலிருந்து அதன் கதையை எல்லாம் அவர் அவளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷத்தில் அவளிடமிருந்து வந்த முதல் செய்தி இது. பேத்தி நறுமுகையை அவர் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஒரு வயது.

சண்டை பெரிய சண்டை என்றும் சொல்ல முடியாது. செண்பகாவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்த ஒருநாள் சொரிமுத்து மாற்றுச் சாவி போட்டு வீட்டைத் திறந்தார். அடுக்களை டப்பாக்களை எல்லாம் வேறு வரிசையில் அடுக்கினார். பாப்பாவின் அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார். திரும்பி வந்தவர்கள் அசந்துபோகட்டும் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்தும் நின்றார்.

அவர்கள் அசந்துபோகவில்லை. பூட்டை மாற்றினார்கள்.

"இருபதுக்கு இன்னும் மூணு வாரம் கெடக்கு" என்றார் சொரிமுத்து. "இந்தத் தடவை அவ திரும்பிப் போனா, பிறகு வரமாட்டாம்மா."

*

"இதுவரைக்கும் என்ன செஞ்சு பார்த்தீங்க?"

"கத்திப் பார்த்தேன். டிப்போவுல பஸ்ஸை நிறுத்தக் கத்துவேனே, அது மாதிரி."

"பஸ் நின்னுதா?"

"பஸ் நிக்கும்."

"நாய்?"

"அதுவும் கூடச் சேர்ந்து கத்துது. பாட்டுன்னு நெனைச்சுக்கிட்டுது."

"வேற?"

"நெஞ்சுல கையை வச்சுத் தள்ளினேன். வெளையாடக் கூப்பிடுதேன்னு நெனைச்சுக்கிட்டுது."

"வேற?"

"கட்டிப் போட்டேன்."

ஆவுடை கொட்டகைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "எதுல கட்டினாருன்னு கேளுங்கம்மா. என் கொட்டகைக் கால்ல. அந்தக் காலையும் புடுங்கி இழுத்துக்கிட்டுப் போயி, பின்னாலயே பாதிக் கூரையும் போயி, ரசத்துல ஓலை விழுந்து கெடக்கு."

"ரசத்தைக் கொட்டிட்டியா?"

"வடிகட்டிட்டேன்."

பூரணம்மா கைகளைக் கழுவினாள்.

"வெள்ளிக்கிழமை பூசைக்கு நீங்க வராதீங்க" என்றாள். "நாய் பக்கத்துல உட்காருங்க. நாய் ஒசரத்துக்கு."

"எதுக்கும்மா?"

"பாருங்க."

*

வெள்ளிக்கிழமை காலை சொரிமுத்து வாசலோரம் ஒரு சாக்கை விரித்தார். நாய் ஒசரத்துக்குக் குனிய இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருக்களித்துப் படுத்தார். சாந்தன் மகிழ்ந்துபோய் அவர் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டது.

அங்கிருந்து பார்த்தபோது மனிதர்கள் தெரியவில்லை. கால்கள் தெரிந்தன. நாற்பது ஜோடி.

மணி அடித்தது. கால்கள் ஓடின.

ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. பூக்கடைக்காரி பிச்சம்மாள் முழங்கையால் வழி செய்துகொண்டு போய்ப் பூரணம்மாவின் பாதத்தில் விழுந்தாள். இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பூரணம்மா அவள் தலையில் கை வைத்தாள். நெற்றியில் திருநீறு பூசினாள். ஒரு வாழைப்பழம் கொடுத்தாள்.

அடுத்து ஓடி வந்தவருக்கும் அப்படியே. அதற்கடுத்தவருக்கும்.

தூணோரம் ஒதுங்கி நின்ற ஒரு கிழவர் கைகளைக் கூப்பியபடி காத்திருந்தார். அவர் முறை வரும்போது பழம் தீர்ந்துவிட்டது.

சாந்தன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆள் விழும்போதும் அதன் வால் ஒருமுறை தரையில் அடித்தது.

பிறகு அது சொரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தது. மற்ற வெள்ளிக்கிழமைகளில் மணி அடித்து முடிவதற்குள் முதலில் போய் விழுகிறவர் அவர்தான். இன்று ஏன் இங்கே படுத்துக் கிடக்கிறார் என்று அதற்கு விளங்கவில்லை.

*

மத்தியானம் அவர் பூரணம்மாவிடம் போனார்.

"நாய்க்குப் புத்தி இல்லாம இல்லம்மா. பாடம் நல்லாவே படிச்சிருக்கு."

"ஆமா."

"நாமதான் சொல்லிக் கொடுத்திருக்கோம்."

"நாமளா?"

சொரிமுத்து சட்டையில் ஒட்டியிருந்த நாய் மயிரைத் தட்டிவிட்டார்.

"நான்" என்றார்.

"சாப்பிட்டாச்சா?" என்றாள் பூரணம்மா.

*

அடுத்த நாளே மடத்துக்குள் யார் வந்தாலும் பூரணம்மா ஒரு கையை முன்னால் நீட்டிக் காட்டினாள். அதற்கு அப்பால் இன்னொரு கை தூரம். அவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டி வந்தால் அவள் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிச்சம்மாள் அழுதே விட்டாள்.

"என் வேண்டுதல் எல்லாம் ஒங்க பாதத்துலல்லா கெடக்கு!"

"அங்கேயே கெடக்கட்டும். ஓடிப்போகாது" என்றாள் பூரணம்மா, ஆற்றைப் பார்த்தபடி.

பிச்சம்மாள் ஒரு அடி பின்னால் வைத்தாள். பூரணம்மா திரும்பினாள். பிச்சம்மாள் ஒரு அடி முன்னால் வைத்தாள். பூரணம்மா ஆற்றைப் பார்த்தாள். இப்படியே நாலைந்து தடவை நடந்தது. கடைசியில் பிச்சம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சொரிமுத்து வேறு மாதிரி முயன்றார். பூரணம்மா திரும்பிக்கொண்டதும் சுற்றிப் போய் அவள் முன்னால் நின்றார். அவள் மறுபடி திரும்பினாள். மறுபடி சுற்றினார்.

பூசை முடியும்போது நாற்பது பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி இல்லை. பஸ்ஸே வராது என்று தெரிந்துகொண்டவர்கள் மாதிரி நின்றார்கள். பூரணம்மா அவளாக நடந்து வந்து ஒவ்வொருவருக்கும் திருநீறு கொடுத்தாள். முதல் பழம் தூணோரக் கிழவருக்குப் போனது.

"நாய்க்கும் இதேதான்" என்றாள் பூரணம்மா. "மேல ஏறினா முதுகைக் காட்டுங்க. பேச வேண்டாம், தள்ள வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். நாலு காலும் தரையில இருந்தா கையைக் கொடுங்க. எல்லாரும்."

"எல்லாருமா?" என்றாள் பிச்சம்மாள். பூசைக்கு வரும்போதுதான் அவள் வாசலில் சாந்தனை மார்போடு கட்டிக்கொண்டு கொஞ்சிவிட்டு வந்திருந்தாள்.

"ஏறும்போது ஒருத்தர் கொஞ்சினாலும் போதும். அது நாற்பது பேரையும் ஏறிப் பார்க்கும். அந்த ஒருத்தர் யாருன்னு தேடி."

*

மூன்றாம் நாள் சொரிமுத்து ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

"அம்மா, முன்னைக்கு இப்ப மோசம்!"

"வேட்டி எங்கே?"

"அதுகிட்ட இருக்கு."

மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒரு உறுமல் கேட்டது. மகிழ்ச்சியான உறுமல்.

"முதுகைக் காட்டினேன். குலைச்சுது. அப்படியே நின்னேன். சட்டையைக் கவ்வுச்சு. அப்படியே நின்னேன். வேட்டியைப் பிடிச்சு ஒரே இழுப்பு. வாசல்ல ஆளு நிக்குதம்மா! எப்படி நிக்க?"

கொட்டகைக்குள் ஆவுடை சிரிப்பை அடக்கப் பார்த்துக் கரண்டியைத் தவறவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை நான் திரும்பிக்கிட்டப்ப நீங்க என்ன செஞ்சீங்க?" என்றாள் பூரணம்மா.

"சுத்தி முன்னால வந்தேன்."

"எத்தனை தடவை?"

"மூணு."

"நாலாவது?"

"வரலை."

"ஏன்?"

"அலுத்துப் போச்சு."

"அதுக்கும் அலுக்கும்."

*

ஒன்பதாம் நாள் காலை.

சொரிமுத்து ஆற்றில் குளித்துவிட்டுப் படியேறி வந்தார். சாந்தன் மடத்து வாசலிலிருந்து அவரைப் பார்த்துவிட்டது. காதுகள் பின்னால் படிய, நாக்கு ஒரு பக்கம் பறக்க, ஓடி வந்தது. அவர் ஈரத்துண்டை இறுகக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

கால் சத்தம் நெருங்கியது. நெருங்கியது. நின்றது.

அவர் ஒரு கண்ணைத் திறந்து தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

சாந்தன் இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்று சொல்வதைவிட நிற்க முயன்றுகொண்டிருந்தது என்று சொல்லலாம். உடம்பு முழுவதும் வாலோடு சேர்ந்து ஆடியது. பிறகு அதன் பின்பகுதி மெல்ல, ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைப்பதுபோல, தரையில் அமர்ந்தது.

"அடி ஆவுடை!" என்று கத்தினார் சொரிமுத்து. "இங்க வந்து பாரு! உட்கார்ந்துட்டுது!"

கைகளை விரித்துக்கொண்டு நாயைக் கட்டிப்பிடிக்கப் பாய்ந்தார்.

"அண்ணாச்சி!" என்று கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "அது சும்மாதானே உட்கார்ந்திருக்கு? நீங்க ஏன் அது மேல விழுதீங்க?"

சொரிமுத்து பாதியில் நின்றார். கைகள் விரிந்தபடியே இருந்தன. பிறகு ஒரு கையை மடக்கினார். இன்னொரு கையை மெதுவாகத் தாழ்த்தி நீட்டினார்.

சாந்தன் அதை முகர்ந்தது. ஒரே ஒரு முறை நக்கியது.

அன்று மடத்தில் பாயசம்.

*

அன்று மாலை அவர் தன் போனை ஆவுடையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இதை அரிசிப் பானைக்குள்ள போட்டு வை."

"நனைஞ்சுட்டுதா?"

"இல்ல. செண்பகா செய்தி அனுப்பினதுல இருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுதேன். எடுக்க மாட்டேங்கா."

"பானைக்குள்ள போட்டா எடுப்பாளா?"

"நான் கூப்பிட மாட்டேன்லா."

*

பத்தொன்பதாம் தேதி அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அம்மா, காலையில பஸ் ஸ்டாண்டுக்குப் போகட்டுமா? தூரத்துல நின்னு பார்த்துட்டு வந்திருவேன். ஒரு தூணுக்குப் பின்னால."

பூரணம்மா ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"சரி, போகலை" என்றார் சொரிமுத்து.

அவள் திரும்பினாள்.

"வேப்பமரத்தடியில சாக்கைப் போட்டு நாயோட உட்காருங்க. அது கழுத்துல கயிறு கெடக்கட்டும். நுனியை உங்க காலுக்கு அடியில வச்சுக்குங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. நீங்க எந்திரிச்சா கயிறு விட்டுரும்."

*

பத்தே காலுக்கு ஆட்டோ வந்து நின்றது.

செண்பகா இறங்கினாள். இளைத்திருந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஒரு சின்னக் கை. அந்தக் கைக்கு உரியவள் பூப்போட்ட கவுன் போட்டிருந்தாள். தலையில் இரண்டு குடுமி.

சாந்தனின் முன்னங்கால்கள் எழுந்தன.

சொரிமுத்துவின் முழங்கால்களும் எழுந்தன.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கயிறு அவர் பாதத்துக்கு அடியில் நழுவி, ஒரு விரற்கடை ஓடியது. அவர் குதிகாலை அழுத்தினார். உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் சாந்தனும் உட்கார்ந்தது. யார் முதலில் உட்கார்ந்தது என்பதில் ஆவுடை வேறு மாதிரி சொல்வாள்.

செண்பகா வாசலிலேயே நின்றாள். பாப்பா அவள் துப்பட்டாவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

யாரும் ஓடி வரவில்லை. யாரும் கத்தவில்லை. பையைப் பிடுங்கவில்லை. பாப்பாவைத் தூக்கி மேலே எறிந்து பிடிக்கவில்லை.

செண்பகா பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்பா" என்றாள். "ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"நல்லா இருக்கேன்மா." அவர் குதிகால் கயிற்றை விடவில்லை. "வா. வரணும்னா வா. அங்கேயே நின்னாலும் சரி. நிழல் அங்கயும் இருக்கு."

செண்பகா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த நாலைந்து வாக்கியங்கள் அவளிடம் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கும் இப்போது வேலை இல்லை.

அவள் வந்து, சாக்குக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

பூரணம்மா மரத்தின் மறுபக்கம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

நேரம் போனது.

ஆவுடை மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். செண்பகா குடித்தாள். மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல் ஆகியிருப்பதைச் சொன்னாள். அவர் "அப்படியா" என்றார். எந்த ஊரில் எந்தத் தெருவில் வீடு பார்க்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். மோரைக் குடித்தார்.

பாப்பா துப்பட்டாவிலிருந்து ஒரு கண்ணை வெளியே விட்டாள். அந்தக் கண் நாயைப் பார்த்தது. பிறகு தாத்தாவைப் பார்த்தது. தாத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாந்தனுக்கு அலுத்துவிட்டது. சாக்கில் முகவாயை வைத்துப் படுத்து, உடம்பில் இருந்த காற்றை எல்லாம் சேர்த்து ஒரு பெருமூச்சு விட்டது. அதன் உதடுகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

பாப்பா சிரித்தாள்.

சாந்தன் காதை மட்டும் ஆட்டியது. மறுபடியும் ஒரு பெருமூச்சு விட்டது.

பாப்பா வெளியே வந்தாள். இரண்டு அடி. நின்றாள். இன்னும் ஒரு அடி. நாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கண்ணை வைத்துக்கொண்டு, தாத்தாவின் மறுபக்கமாகச் சுற்றி வந்தாள். அப்புறம் நாயைப் பார்த்தபடியே, பின்பக்கமாக, ஒவ்வொரு அடியாக நடந்தாள். சின்ன வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துகிற மாதிரி வந்து, சொரிமுத்துவின் மடியில் உட்கார்ந்தாள்.

செண்பகா டம்ளரை வாய்க்கருகில் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

சொரிமுத்துவின் இரண்டு கைகளும் தரையில் ஊன்றியிருந்தன. விரல்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு குடுமி அவர் மூக்கில் பட்டது. தேங்காய் எண்ணெய் வாசம். அவர் மூச்சு விடவில்லை.

"அம்மா" என்றார் மரத்தின் மறுபக்கத்தைப் பார்த்து, ரகசியம் சொல்வதுபோல். "இப்ப கையை எடுக்கலாமா?"

"என்னைக் கேட்டா?" என்றாள் பூரணம்மா. "அவகிட்ட கேளுங்க."

சொரிமுத்து குனிந்தார்.

"பாப்பா. தாத்தா ஒன்னைப் புடிச்சுக்கிடட்டுமா?"

பாப்பா யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள்.

"நீ நாயைப் புடிச்சுக்கோ" என்றாள்.

சொரிமுத்து ஒரு கையை மண்ணிலிருந்து எடுத்து சாந்தனின் முதுகில் வைத்தார்.

இன்னொரு கையைத் தரையிலேயே வைத்துக்கொண்டார்.